நல்லெண்ணெயில் மீன் வாடை

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்குத் தெரியாமல் அவர் தட்டில் எதையும் சேர்க்காதீர்கள். நல்லதாக இருந்தாலும் சேர்க்காதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படி மொட்டையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று அனுபவத்தில் தெரியும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். கை இப்போது எழுதும் அளவுக்கு ஆடாமல் நிற்கிறது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. புனே பக்கம் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன். பெட்டிக்கு நூறு போல்ட் வந்தால் பதின்மூன்றை எடுத்து அளந்து, மிச்சம் எண்பத்தேழும் எப்படியிருக்கும் என்று சொல்வது என் வேலை. எண்ணுகிற பழக்கம் அங்கே வந்தது, ஓய்வு பெற்றபோது கூடவே வந்துவிட்டது. ஹடப்சரில் நான்காவது மாடியில் வீடு. மனைவி சிவகாமி, மகள் நளினி, நான், மூன்று பேர். நளினிக்கு ஐ.டி. வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். சைவக் குடும்பம். முட்டை சேர்த்த கேக்கைக்கூட நான் வாயில் வைத்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் நோய் வந்தது. எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று நம்பினேன். சந்தேகப்படவில்லை, நம்பினேன். இரண்டுக்கும் உள்ள தூரம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு வீட்டுக் கதவையும் தட்டி எச்சரித்தேன். பதினேழு வீட்டில் திறந்தார்கள். ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அது நோய்தான். தொட்டியில் தண்ணீரையும் கொஞ்சம் பாசியையும் தவிர ஒன்றும் இல்லை. இதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

டாக்டர் கொடுத்தது ஆன்டிசைக்காட்டிக் என்ற வகை மாத்திரை. மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அது கட்டுமீறும்போது இல்லாதது இருப்பதாகத் தோன்றும். இந்த மருந்து அதைத் தட்டி அடக்கும். ஆனால் கைகால் அசைவையும் அதே ரசாயனம்தான் பார்த்துக்கொள்கிறது. அதை அடக்கினால் இதுவும் அடங்கும். தொட்டி என் தலையை விட்டுப் போயிற்று. பதிலுக்குப் பதினொரு கிலோ எடை வந்தது. பெல்ட்டில் ஆணியால் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டேன். சர்க்கரை ஏறியது, ரத்தத்தில் கொழுப்பு ஏறியது, வலது கை நடுங்கியது. பிறகு வாயில் ஒன்றுமே இல்லாமல் வாய் மெல்ல ஆரம்பித்தது. இந்த மருந்தை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆகுமாம். நாக்கும் உதடும் நம்மைக் கேட்காமல் அசையும். எனக்கு நிமிடத்துக்கு இருபத்தாறு தடவை.

"வெத்தல இல்லாமலே மெல்லுதிய. காசு மிச்சம்," என்றாள் சிவகாமி. சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன், சிரிப்புக்கு நடுவிலும் வாய் மென்றது.

நளினி சும்மா இருக்கிறவள் அல்ல. செல்போனில் படித்துவிட்டு ஒவ்வொன்றாக வரவழைத்தாள். எலும்புக்கு வைட்டமின் டி, நரம்புக்கு பி, வாய் அசைவுக்கு வைட்டமின் ஈ, மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி. டாக்டரிடம் கேட்டபோது, "சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், பலருக்கு உதவாது. ஆதாரம் பெரிதாக இல்லை. எதைக் கொடுத்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்," என்றார். நான்கையும் மறுப்புச் சொல்லாமல் விழுங்கினேன். ஐந்தாவது டப்பா வந்தபோதுதான் நின்றேன். மஞ்சள் நிறத்தில், உள்ளே எண்ணெய் தெரியும் உருண்டைகள்.

"இது எதுலேருந்து எடுக்கது?"

"மீன்லேருந்துதான். ஆனா மீன் இல்லப்பா, வெறும் ஆயில்."

"மீன்லேருந்து எடுத்தது மீன் இல்லாம முருங்கைக்காயா?"

"ட்ராமா பண்ணாதீங்கப்பா. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் பாத்தீங்களா? ஹார்ட் போச்சுன்னா ராத்திரி யார் ஓடறது? மை அகேலி ஹூம்." கோபம் வந்தால் அவளுக்கு இந்தி வந்துவிடும். நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்கிறாள்.

"ஓட வேண்டாம். நான் போயிட்டுப் போறேன்."

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அதே சத்து, சைவர்களுக்கென்றே விற்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதே மருந்துக் கடையில், அதே தட்டில், பக்கத்து டப்பா.

இரவில் எனக்கு நாலு இட்லி, மிளகாய்ப்பொடி. பொடியைக் குவித்து நடுவில் குழி செய்து சிவகாமி நல்லெண்ணெய் விடுவாள். கல்யாணமான நாள் முதல் இந்தக் குழியை அவள்தான் செய்கிறாள். ஒரு நாள் முதல் விள்ளலிலேயே மூக்கு நின்றது.

"எண்ணெய் வாடை அடிக்கி."

"என்ன வாடை?"

"மீன்."

அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "பக்கத்து வீட்டுல பொரிக்காங்களோ என்னமோ. ஜன்னலச் சாத்துதேன்."

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வெங்காயம்கூடச் சேர்க்காத ஜைனர்கள்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த வழியில் சோதித்தேன். சில நாள் பொடி கேட்டேன், சில நாள் சட்னி மட்டும் போதும் என்றேன். பதினாறு இரவில் ஒன்பது பொடி, ஏழு சட்னி. ஒன்பதிலும் வாடை, ஏழில் ஒன்றில்கூட இல்லை. இதைவிடத் தெளிவான முடிவைத் தொழிற்சாலையில் நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நளினியை உட்காரவைத்து இதைச் சொன்னேன். தட்டில் வாடை எத்தனை நாள் வந்தது என்று மனப்பாடமாக ஒப்பிக்கிற கிழவன் எப்படித் தெரிவான் என்று நான் யோசிக்கவில்லை. அவள் முகம் வெளுத்தது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மறுபடி ஸ்டார்ட் ஆயிருச்சு மம்மி," என்றாள்.

அன்றோடு வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினேன். தோல் உரித்துத் தின்கிற வாழைப்பழம், கடையில் என் கையால் பிரித்த பிஸ்கட். சர்க்கரைக்காரன் சாப்பிடுகிற சாப்பாடு அல்ல. தலை சுற்றிக் குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் டாக்டர் முன்னால் மூன்று பேரும் இருந்தோம்.

டாக்டர் மராத்திக்காரர், எங்களிடம் இந்தியில் பேசுவார். கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். இல்லாத குரல் கேட்பதைப்போல இல்லாத வாடை வருவதும் உண்டு என்று விளக்கினார். "முன்பு தண்ணீரில் கலந்தார்கள், இப்போது எண்ணெயில். அதே நோய்தான், இடம் மாறியிருக்கிறது," என்றார். பிறகு நளினியிடம் கேட்டார்: "நான் எழுதியதைத் தவிர வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?"

"வைட்டமின்தான் டாக்டர். உங்களுக்குச் சொன்ன நாலுதான்."

சிவகாமி பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரத்த ஓட்டம் நின்று விரல் நுனி வெளுக்கும்வரை சுற்றினாள். நான் அவளையே பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அன்று மாலையே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

வார்டில் பதினொரு கட்டில், ஐந்து மின்விசிறி, ஓடுவது மூன்று. முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு இ.சி.ஜி.; இந்த மருந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும், அதனால் அளவைக் கூட்டுமுன் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டு, கூட்டினார்கள். இரட்டிப்பாக. மாத்திரை விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆயா வேலை பார்க்கும் அம்மாளை அங்கே மாவுஷி என்பார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். என் நாக்கு தானாக ஆடும் அல்லவா, "பாபா, நாக்கை நடனமாடாமல் காட்டுங்கள்," என்பார். பக்கத்துக் கட்டில்கள் சிரிக்கும்.

அடுத்த கட்டிலில் ஷிண்டே. ஔந்த்தில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். மச்சான் தன் பல்லுக்குள் மைக் வைத்துவிட்டான் என்பது அவர் நோய். என் நோயைக் கேள்விப்பட்டதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். தினம் காலையில், "காய் காகா, போம்பில் கா பாப்லேட்?" என்பார். இன்றைக்கு என்ன மீன், போம்பிலா வாவலா என்று கேட்கிறார். பல்லில் மைக் இருப்பதாக நம்புகிறவருக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்தது.

இரண்டாவது வாரத்தில் உடம்பு கட்டையானது. அளவு கூடினால் தசைகள் விறைக்கும். டாக்டர்கள் அதற்கும் ஒரு மாத்திரை வைத்திருக்கிறார்கள், அது வாயை உலர்த்தும். கரண்டி பிடிக்க விரல் மடங்கவில்லை. எச்சில் தலையணையில் இறங்கியது. திரும்பிப் படுக்க நினைத்தால், நினைப்பு ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் கிடக்கும். சிவகாமி தினம் எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. ஆஸ்பத்திரியின் தண்ணிப் பருப்பும் சப்பாத்தியும் போதும் என்றேன். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டாள். வீட்டு உணவை மறுப்பது நோயின் அடையாளம்.

ஒரு மதியம் சிவகாமி என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏழாவது விரலில் நிறுத்தினாள்.

"நாந்தான் ஊத்துனேன்."

என் வாய் மென்றது.

"நளினி அந்த உருண்டைய ஊசியால குத்திக் குடுப்பா. நான் எண்ணெயோட சேத்துக் குழியில விடுவேன். உங்க நெஞ்சுக்கு நல்லதுன்னா. நீங்க கேக்க மாட்டியளே. காரத்துல தெரியாதுன்னு நெனச்சேன்."

"டாக்டர்ட்ட சொல்லு."

"அவரு அன்னைக்கே கேட்டாருல்லா. இவ இல்லைன்னுட்டா. இப்ப மாத்திச் சொன்னா, நோயாளிக்குத் தெரியாம மருந்து குடுத்தான்னு கேசு ஆயிரும்னு பயப்படுதா. வேலை போயிரும்ங்கா."

"அதுக்கு நான் இங்க கெடக்கணுமா?"

"நீங்க எப்படியும் டாக்டர்ட்ட வாரவியதான," என்றாள். கொடுமையாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டு, எட்டாவது விரலை நீவிக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் டாக்டர் வந்தபோது நளினியும் சிவகாமியும் இருந்தார்கள். நளினி செல்போனில் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படுக்கையில் உட்கார்ந்து, எச்சிலைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன்: "டாக்டர், எண்ணெயில் மீன் எண்ணெய் கலந்தது உண்மை. என் மனைவியே ஒப்புக்கொண்டுவிட்டாள்."

டாக்டர் நியாயமானவர் என்றுதான் சொல்வேன். தட்டிக்கழிக்கவில்லை. சிவகாமியைப் பார்த்து, "உண்மையா அம்மா?" என்று கேட்டார்.

புனேயில் நாற்பது வருடம் இருந்தும் அவளுக்கு இந்தி கடைக்கு வேண்டிய அளவுதான். அந்த அளவு போதுமாக இருந்தது. நளினியைப் பார்த்தாள். பிறகு, "நஹி டாக்டர் சாப்," என்றாள். இல்லை என்கிறாள்.

"மனைவியும் இப்போது உள்ளே வந்துவிட்டார்," என்று டாக்டர் உதவி டாக்டரிடம் மெல்லச் சொன்னது கேட்டது. என் நோயின் கதைக்குள் என்று அர்த்தம். மாத்திரையால் போதவில்லை, மாதம் ஒரு ஊசி போடலாம் என்றார். இடுப்பில் போடுவது, மருந்து தசையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும். பலருக்கு அது வரம். ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கு நிறுத்தலாம். ஊசி உள்ளே போய்விட்டால் ஒரு மாதத்துக்குக் கடவுளாலும் திரும்ப எடுக்க முடியாது. இந்த விறைப்போடு, இந்த எச்சிலோடு, கரண்டி பிடிக்காத இந்தக் கையோடு ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம். திங்கட்கிழமை முதல் ஊசி என்று முடிவாயிற்று.

எனக்கு இருந்தது சனியும் ஞாயிறும். எண்ணிப் பார்த்தேன். நான் வந்த பிறகு ஒன்பது பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேரைப் பணம் கட்ட முடியாமல் வீட்டார் கூட்டிப்போனார்கள். மற்ற ஏழு பேரும் போவதற்கு முன் டாக்டரிடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னவர்கள்: அது என் நோய். ஏழுக்கு ஏழு. வெள்ளிக்கிழமை போன ஷிண்டேயும் அதைத்தான் சொன்னார். கிளம்பும்போது என் கட்டில் கம்பியைத் தட்டி, "மச்லி சோட் தோ காகா, கர் ஜாவ்," என்றார். மீனை விடுங்கள், வீட்டுக்குப் போங்கள். போகிறபோது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினார், மைக்கில் விழக்கூடாது என்று.

திங்கட்கிழமை காலை சிவகாமி கொண்டுவந்த டப்பாவைத் திறக்கச் சொன்னேன். இட்லி, பொடி, எண்ணெய். நர்ஸ் பார்க்க நாலையும் தின்றேன். டாக்டர் வந்தார்.

"வாடை இருக்கிறதா?"

"இல்லை டாக்டர். இருந்ததே இல்லை. தொட்டியைப் போலத்தான் இதுவும். என் மூளை செய்த வேலை. வீட்டாரைப் பாடாகப் படுத்திவிட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. நோயாளி தன் நோயைத் தானே அறிந்துகொள்வது குணமாவதன் பெரிய அடையாளம் என்று கூட நின்ற மாணவர்களுக்குச் சொன்னார். ஊசி வேண்டாம். அளவைப் பழையபடி குறைக்கலாம். புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம். நளினி என் தோளைத் தொட்டு, "தேங்க் யூ அப்பா," என்றாள். எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் சிவகாமி உடைந்தாள்.

"மைனே டாலா," என்றாள். நான்தான் ஊற்றினேன். "மச்லி கா தேல். மைனே டாலா டாக்டர் சாப்." மீன் எண்ணெய் என்கிறாள். அதற்கு மேல் அவளிடம் இந்தி இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் நளினியைப் பார்த்தார். நளினி, "மம்மி தூங்கியே ரெண்டு வாரம் ஆச்சு டாக்டர். தனக்குத்தானே பேசறாங்க," என்றாள். அதுவும் பொய்யல்ல.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள். எண்ணெயில் ஏதாவது இருந்ததா?"

இருந்தது என்றால் ஐந்து நிமிடத்துக்கு முன் நான் சொன்னது பொய். பொய் சொல்லித் தப்பப் பார்த்த நோயாளிக்கு ஊசி நிச்சயம். இதை யோசித்தேன். இதை மட்டும்தான் யோசித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். ஆனால் அவள் அன்று சொன்ன ஒற்றைச் சொல்லும் என் காதில் இருந்தது.

"நஹி," என்றேன்.

சிவகாமி கோட்டை விட்டாள். கை தானாகக் கீழே இறங்கியது. டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அன்பாகப் பேசினார். நோயாளியோடு கூடவே கிடக்கிறவர்களுக்கு அந்த நோயாளியின் நம்பிக்கை தொற்றிக்கொள்வது உண்டு, அவர் வெளியே வந்த பிறகும் இவர்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள், இது யாருடைய குற்றமும் இல்லை என்றார். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் என்று ஒரு மாத்திரை எழுதினார். என்னுடையதுதான், கால் பங்கு. மாதம் ஒரு தடவை இருவரும் சேர்ந்தே வாருங்கள் என்றார்.

புதன்கிழமை ஆட்டோவில் நடுவில் நளினி உட்கார்ந்தாள். ஹடப்சர் வருவதற்குள் படித்து முடித்துவிட்டாள். "மம்மி, இதுல வெயிட் ஏறுமாம். ஆரம்பத்துலயே ஏதாவது சப்ளிமென்ட் எடுத்தா நல்லது."

சிவகாமி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விறைப்பு போய்விட்டது. எச்சில் இல்லை. வாய் இப்போது நிமிடத்துக்குப் பதினெட்டு. அது வைட்டமின் ஈயால் குறைந்ததா, மருந்தின் அளவு மாறியதால் குறைந்ததா என்று சொல்ல முடியாது. ஒரே ஆளை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. சத்து மாத்திரை கொடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், தின்கிறவரிடமும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மீன் எண்ணெய் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. அன்றே சொல்லியிருந்தால் டாக்டர் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

சிவகாமி மாத்திரையை மறுக்காமல் விழுங்குகிறாள். மத்தியானம் உட்கார்ந்தபடி தூங்குகிறாள். பால் இரண்டு தடவை பொங்கிவிட்டது. பேசுவது குறைந்துவிட்டது. அடுத்த மாதம் டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவர் முதலில் என் மருந்தைத்தான் கூட்டுவார். அதற்கு நான் தயாராக இல்லை.

நேற்றுச் சாயங்காலம் இட்லி வைத்தாள். பொடியைக் குவித்துக் குழி செய்தாள். எண்ணெய்ச் செம்பைச் சாய்த்தவள் பாதியில் நிறுத்தி, செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நான் ஊத்துனேன்லா? நெசமாவே ஊத்துனேன்லா?"

நளினி பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"டாக்டர் இல்லைன்னுட்டாரே," என்றேன். "எண்ணெயை விடு. இட்லி ஆறுது."